அந்த வீட்டுக்குச் சொன்னது யார்?



பார்த்த படத்தையே மீண்டும் மீண்டும் பார்ப்பது பாவமா, அன்றிப் பொழுதைப் பாழாக்குவது மட்டும்தானா என்று கேட்டு, நம் பங்கிலுள்ள தாய்மார்கள் சிலர் நம்மிடம் முறையிட்டிருக்கிறார்கள். முறையீட்டுக்குக் காரணமானவன் ஜேம்ஸ் பாண்ட் என்னும் வெள்ளைக்கார ஒற்றன். நம் பங்கில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மாலைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், முன்னாள் இராணுவத்தார், மின்வாரியத்தில் பணிபுரிவோர், அவர்களுடைய மைந்தர்கள், பேரப்பிள்ளைகள் எனக் கலந்த கூட்டம் அது. அவ்வொற்றன் தோன்றும் படங்களை வரிசை தவறாமல் போட்டுப் பார்ப்பதும், பார்த்து முடித்தபின் வீட்டில் இரவுச் சோறு ஆறிப்போகும் வரை அவற்றைப் பற்றி வாதாடுவதும் அவர்கள் வழக்கம். இருபத்தைந்து படங்களும் முடிந்துவிட்டால் முதற்படத்திலிருந்து மறுபடியும் தொடங்கிவிடுகிறார்கள். “பிரசங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி இதை நிறுத்துங்கள், சாமி” என்பது அத்தாய்மார்களின் வேண்டுகோள்.

பீடத்தினின்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திவிடக் கூடிய காரியமாக இது நமக்குத் தோன்றவில்லை. அம்மாடிக்கு நாமும் இரண்டு மூன்று முறை சென்று அமர்ந்து பார்த்தோம். அங்கே ஒரு மாலையில் எழுந்த கேள்வி ஒன்று இத்தனை நாளும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. அக்கேள்வியை நம் குடும்பங்கள் எல்லாவற்றின் முன்னும் வைப்பதே இம்மாதம் நாம் செய்ய விழைவது. அதற்கு முன், இப்படங்களை அறியாத வாசகர்களுக்காகச் சில செய்திகளைக் கூறிவிடுகிறோம்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயக் கடற்படையின் உளவுப் பிரிவில் பணியாற்றிய இயன் ஃபிளெமிங் என்பவர், 1953-ஆம் ஆண்டில் ‘கசீனோ ராயல்’ என்னும் நாவலை வெளியிட்டு இவ்வொற்றனை உலகுக்கு அறிமுகம் செய்தார். முதல் திரைப்படமான ‘டாக்டர் நோ’ 1962 அக்டோபர் 5-ஆம் நாள் இலண்டன் மாநகரில் திரையிடப்பட்டது. அப்படத்தில் தொடங்கி 2021-இல் வெளியான ‘நோ டைம் டு டை’ வரை, ஒரே தயாரிப்பு நிறுவனத்தின் வரிசையில் 25 படங்கள் வந்துள்ளன. ஷான் கானரி, ஜார்ஜ் லேசன்பி, ரோஜர் மூர், திமத்தி டால்ட்டன், பியர்ஸ் பிராஸ்னன், டேனியல் கிரெய்க் ஆகிய அறுவர் அவ்வேடத்தைப் புனைந்திருக்கின்றனர். அவர்களுள் சிறந்தவர் யார் என்பது மாடிக் கூட்டத்தில் இன்றுவரை தீராத வழக்கு.

தமிழகமும் இந்த ஒற்றனை வேடிக்கை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. 1966-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘வல்லவன் ஒருவன்’, 1970-இல் வந்த ‘சி.ஐ.டி. சங்கர்’ முதலிய படங்களால் ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்ற பட்டமே நிலைத்துவிட்டது. எம்.ஜி.ஆர். 1968-இல் ‘ரகசிய போலீஸ் 115’ ஆனார். எழுத்தாளர் சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் 1986-இல் ‘விக்ரம்’ ஆனார். 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸ், பாண்டின் சாகசங்களைச் சித்திரக் கதைகளாக ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. ஆங்கிலம் அறியாத பிள்ளைகளும் 007 என்னும் எண்ணை அறிந்திருந்தமைக்கு இவையெல்லாம் காரணம்.

ஒற்றனது தொழில் இழிந்ததென்று நம் முன்னோர் கருதியதில்லை. திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’ என்பதே. அரசனுக்குக் கண்களாய் அமைந்த இரண்டில் ஒற்று ஒன்று என்பது வள்ளுவர் கருத்து. பிறர் ஐயுறாத தோற்றமும், அறிந்ததை எந்நிலையிலும் வெளிவிடாத உறுதியும் ஒற்றனுக்கு வேண்டும் என்கிறார் அவர். கூட்டத்திலுள்ள தமிழாசிரியர் ஒருவர், “போகுமிடமெல்லாம் தன் சொந்தப் பெயரை இரண்டு தரம் அழுத்திச் சொல்லுகிறவன் வள்ளுவரின் தேர்வில் தேறவே மாட்டான்” என்று ஒவ்வொரு படத்தின்போதும் தவறாமல் சொல்லுவார். எல்லாரும் ஒவ்வொரு முறையும் தவறாமல் சிரிப்பார்கள்.

இனி, திருச்சபை இதுபற்றி என்ன கருதுகிறது என்பதைப் பார்ப்போம். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1936 ஜூன் 29-இல் திரைப்படத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் வரைந்தார். பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 செப்டம்பர் 8-இல் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றைப் பற்றியும் மற்றொன்று வரைந்தார். ‘டாக்டர் நோ’ திரையிடப்பட்டதற்கு ஆறு நாள் கழித்து, 1962 அக்டோபர் 11-இல், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் உரோமையில் தொடங்கிற்று. அச்சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பை நம் பெற்றோர் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். தீய காட்சிகள் வீட்டு வாசலைத் தாண்டாதபடி காப்பது பெற்றோரின் கடமை என்று அது கண்டிப்பாகக் கூறுகிறது. அத்துடன், இளைஞர்கள் தாங்கள் பார்ப்பதையும் கேட்பதையும் படிப்பதையும் ஆழ்ந்து புரிந்துகொள்ள முயலவேண்டும் என்றும், அவற்றைக் குறித்து ஆசிரியர்களோடும் அறிந்தோரோடும் கலந்துரையாடி நேரிய தீர்ப்புச் செய்யப் பழகவேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. கண்ணை மூடிக்கொள் என்று மட்டும் திருச்சபை சொல்லவில்லை. பார்த்ததைப் பற்றிப் பேசு என்றும் சொல்லுகிறது.

பாண்ட் படங்களில் விலக்கத்தக்கவை மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெண்களை விளையாட்டுப் பொருளாக நடத்தும் போக்கும், மதுவை ஆண்மையின் அடையாளமாகக் காட்டும் போக்கும் அவற்றில் உண்டு. சிறு பிள்ளைகள் பார்க்கத் தகாத காட்சிகளும் உண்டு. மாடி வீட்டுப் பெரியவர் எல்லாப் படங்களையும் மனப்பாடமாக அறிந்தவராதலால், பிள்ளைகள் இருக்கும் மாலைகளில் அத்தகைய இடம் நெருங்குமுன்பே ரிமோட்டை அழுத்திக் கடந்துவிடுகிறார். இவற்றை எல்லாப் பெற்றோரும் அறிவர். ஆகையால் இவற்றைப் பற்றி நாம் விரித்துரைக்கவில்லை. எவருடைய கண்ணிலும் எளிதில் படாத வேறொன்றைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

அதற்கு முன், திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் என்னும் குற்றச்சாட்டுக்கு ஒரு சொல். நாம் வாழ்வது திருவண்ணாமலையில். நம் அண்டை வீட்டுச் சகோதரர்கள் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நடந்து ஒரே மலையைச் சுற்றி வருகிறார்கள். முப்பது ஆண்டுகளாகச் சுற்றும் ஒருவரைக் கேட்டால், அடி வைக்குந்தோறும் மலையின் முகம் மாறுகிறது என்பார். நாமும் செபமாலையில் ஐம்பத்து மூன்று முறை ஒரே மங்கள வார்த்தையைச் சொல்லுகிறோம். கேட்பவர் சலிக்கலாம், சொல்லுகிற தாய் சலிப்பதில்லை. முதல் முறை பார்க்கிறவன், அடுத்து என்ன நடக்குமோ என்னும் பதைப்பில் கதாநாயகனை மட்டுமே பார்க்கிறான். முடிவு தெரிந்தபின் அப்பதைப்பு அடங்குகிறது. அப்போதுதான் கதாநாயகனுக்குப் பின்னால் நிற்பவர்கள் கண்ணில் படத் தொடங்குகிறார்கள்.

நாம் கூறிய அந்த மாலையில் அவ்வாறே நிகழ்ந்தது. அன்று திரையிடப்பட்டது 1983-இல் வந்த ‘ஆக்டோபஸி’. அதன் ஒரு பகுதி இராஜஸ்தானத்து உதயப்பூரில் படமாக்கப்பட்டது. நம்மவர்களுக்கு அதில் தனிப் பெருமை ஒன்றுண்டு. சென்னையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவரும், விம்பிள்டனில் கால் இறுதிவரை முன்னேறியவருமான டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், அப்படத்தில் பாண்டுக்குத் துணைபுரியும் இந்திய ஒற்றராகத் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றுகிறார். பாம்பாட்டியாய் அமர்ந்து மகுடியில் பாண்டின் மெட்டை வாசித்து அடையாளம் காட்டுகிறார். ஆட்டோ ரிக்‌ஷாவைத் துரத்திவரும் பகைவர்களை டென்னிஸ் மட்டையால் விளாசுகிறார். அக்காட்சியில் மாடி அதிரக் கைதட்டல் எழுந்தது. சிறிது நேரத்துக்குப் பின், காவலுக்கு நின்ற அந்த விஜயைச் சுழலும் இரம்பச் சக்கரத்தால் பகைவர்கள் கொன்றுவிடுகிறார்கள். கதை அங்கே நெடுநேரம் நிற்பதில்லை. பாண்டுக்கு முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. கூட்டமும் அச்சக்கரத்தின் பொறியமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிற்று.

அப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டனாரின் கையைப் பற்றி இழுத்து, “தாத்தா, அந்த விஜய் மாமா வீட்டுக்கு யாரு போய்ச் சொன்னாங்க?” என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. படத்தைப் பன்னிரண்டு முறை பார்த்ததாகப் பெருமை கூறிக்கொண்டிருந்தவருக்கும் விடை தெரியவில்லை. படத்தில் அது இல்லை என்பதே உண்மை. விஜய்க்குத் தாய் உண்டா, மனைவி உண்டா என்பதைக் கதை நமக்குச் சொல்லவே இல்லை. ‘கொல்ல உரிமம்’ பெற்றவன் என்பது 007 என்னும் எண்ணின் பொருள். உரிமம் கொடுத்த அரசாங்கம் ஒவ்வொரு படத்திலும் காட்டப்படுகிறது. மேடையினின்றும் பாலத்தினின்றும் உருண்டு விழும் காவலாளிகளின் வீடுகள் ஒரு படத்திலும் காட்டப்படுவதில்லை.

சிறுமியின் பாட்டனார் படத்தை நிறுத்திவிட்டார். அவர் எழுபதைக் கடந்தவர். 1971-ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு எல்லையில் இருந்தவர். சற்று நேரம் கழித்து அவர் சொன்னதை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம். “என்கூட இருந்தவன் ஒருத்தன் போளூர்ப் பக்கம். போன பிறகு தந்தி முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டது. நான் லீவுல வந்தப்போ அவன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன், சாமி. அந்த அம்மா எதையும் கேட்கலை. ‘கடைசியா சாப்பிட்டானா, ராசா?’ன்னு மட்டும் கேட்டாங்க. சாப்பிட்டான்னு சொன்னேன்.” அவ்வளவு சொல்லி அவர் நிறுத்திக்கொண்டார். ஐம்பது ஆண்டுகளில் தம் மனைவியிடமும் சொல்லாத செய்தி அது என்பது பின்னர் நமக்குத் தெரியவந்தது.

பங்குத் தந்தையாக இருப்போர்க்கு இவ்வனுபவம் புதிதன்று. விபத்துச் செய்தியும் வெளிநாட்டு மரணச் செய்தியும் பல வேளைகளில் முதலில் பங்குமனைக்குத்தான் வருகின்றன. அச்செய்தியைச் சுமந்துகொண்டு ஒரு தெருவைக் கடப்பது எத்தகையது என்பதைச் சுமந்தவர் அறிவர். கதவு திறக்குமுன் உள்ளே அடுப்படியில் கேட்கும் பாத்திர ஒலி காதை விட்டு நீங்குவதில்லை. ஆகவே அச்சிறுமியின் கேள்வி நமக்கு விளையாட்டுக் கேள்வியாகப் படவில்லை. மரணம் என்பது ஒருவன் விழுந்த இடத்தில் முடிந்துவிடுவதில்லை. அது நடந்து அவன் வீட்டுக்கு வந்து சேர்கிறது. மரணத்தைப் பலமுறை பார்த்தும் அவ்வீட்டை ஒருமுறையும் நினையாதிருக்கப் பழகிவிடுவதே இத்தகைய படங்களால் நேரும் பெருந்தீங்கு என்று நாம் எண்ணுகிறோம். கவர்ச்சிக் காட்சியை ரிமோட்டால் கடந்துவிடலாம். இப்பழக்கத்தைக் கடக்கப் பொத்தான் எதுவும் இல்லை.

மெய்யான ஒற்றர் ஒருவர் நம் திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறார் என்பது மாடிக் கூட்டத்தில் பலருக்கு வியப்பாயிருந்தது. சாமர்செட் மாம் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1938-இல் இங்குள்ள இரமணாசிரமத்துக்கு வந்தார். வந்தவிடத்தில் மயங்கி விழுந்தார் என்பதும், இரமணர் அவர் இருந்த அறைக்கே வந்து மௌனமாக அமர்ந்திருந்தார் என்பதும் நம் ஊரார் சொல்லும் செய்திகள். மாமும் அவற்றைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவர் முதல் உலகப் போரில் ஆங்கிலேய உளவுத்துறைக்காகச் சுவிட்சர்லாந்தில் பணிசெய்தவர்; 1917-இல் இரஷ்யாவுக்கும் அனுப்பப்பட்டவர். அவ்வனுபவங்களைக் கொண்டு 1928-இல் ‘ஆஷெண்டன்’ என்னும் கதைத்தொகுதியை வெளியிட்டார். பின்வந்த ஒற்றர் கதைகளுக்கெல்லாம் அது முன்னோடி என்று சொல்லப்படுகிறது. ஆயினும் பாண்டின் உலகுக்கும் அதன் உலகுக்கும் உள்ள தொலைவு பெரிது. ஒற்றுவேலை பெரும்பாலும் சலிப்பூட்டுவது, பெரும்பாலும் பயனற்றது என்பதை மாம் ஒளிக்கவில்லை.

அத்தொகுதியில் ‘துரோகி’ என்னும் பொருள்படும் தலைப்புடைய கதை ஒன்றுண்டு. பகைநாட்டுக்கு உளவு சொல்லும் ஆங்கிலேயன் ஒருவன் தன் மனைவியோடும் நாயோடும் சுவிட்சர்லாந்தில் வாழ்கிறான். ஆஷெண்டன் அவனைத் தந்திரமாக இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்கிறான். அவனும் அங்கே பிடிபட்டு மாள்கிறான். நாட்டுக்கு வெற்றிதான். கதையை மாம் அவ்விடத்தில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கணவனிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டுக்கேட்டு அலையும் மனைவியை நம் கண்முன் நிறுத்துகிறார். ஒருவரும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. கடைசியில் அந்த நாய் தலையை உயர்த்தி நீண்ட ஊளையிடுகிறது, அவள் அறிந்துகொள்கிறாள். ஒற்றராயிருந்து அத்தொழிலை உள்ளிருந்து கண்டவர் எழுதியபோது அந்த வீட்டை விட்டுவிட முடியவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். செத்தவன் துரோகியே ஆயினும் அவனுக்கும் ஒரு வாசற்படி இருந்தது.

நம் திருமறையிலும் ஒற்றர் கதை உண்டு. யோசுவா எரிகோ நகருக்கு இரண்டு ஒற்றரை அனுப்பினார். இராகாபு என்னும் பெண் அவர்களைக் கூரைமேல் சணல் தட்டைகளுக்குள் ஒளித்துக் காப்பாற்றினாள். ஒற்றனுக்கு உதவிய பெண் பாண்ட் படத்தில் பெரும்பாலும் அடுத்த காட்சியில் மாண்டுபோவாள். திருமறையிலோ, அவ்விரு ஒற்றரும் புறப்படுமுன் அவளுக்கு ஆணையிட்டு வாக்களிக்கிறார்கள். தனக்காக மட்டும் அவள் கேட்கவில்லை. தாய், தந்தை, உடன்பிறந்தார் அனைவருக்காகவும் கேட்டாள். சன்னலில் சிவப்புக் கயிறு கட்டப்பட்டது. நகரம் வீழ்ந்தபோது அவள் வீடு முழுவதும் பிழைத்தது. புனித மத்தேயு எழுதிய வம்சவரிசையில் நம் ஆண்டவரின் மூதாதையருள் ஒருத்தியாக அவள் பெயர் நிற்கிறது.

நயீன் ஊர் வாயிலில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். ஒரு சவ ஊர்வலம் வெளியே வருகிறது. இறந்தவன் ஓர் இளைஞன். அவன் பெயரை லூக்கா நமக்குச் சொல்லவில்லை. அவன் கைம்பெண் ஒருத்தியின் ஒரே மகன் என்பதை மட்டும் சொல்லுகிறார். நம் ஆண்டவரின் கண் முதலில் சென்றது பாடையின் மேலன்று, தாயின் மேல். அவனை எழுப்பியபின் அவர் என்ன செய்தார்? அவனை அவன் தாயிடம் ஒப்படைத்தார். அச்சிறுமி கேட்டதும் இதைத்தான் அன்றோ?

இனி, வியப்பான ஒன்றைக் கூறவேண்டும். அன்றைய கேள்விக்குப் பிறகு மாடிக் கூட்டத்தார் தங்கள் பார்வையையே மாற்றிக்கொண்டார்கள். கருவிகளையும் கார்களையும் எண்ணியவர்கள், வீடுகளைத் தேடத் தொடங்கினார்கள். தேடியபோது, பாண்ட் படங்களை எடுத்தவர்களையும் அதே கேள்வி உள்ளூர உறுத்தி வந்திருப்பது தெரியவந்தது. 1969-இல் வந்த படத்தில் பாண்ட் திருமணம் செய்துகொள்கிறான். மணநாளன்றே மனைவி சுடப்பட்டு மடிகிறாள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1981-இல் வந்த படம், அவன் அவள் கல்லறையில் மலர் வைத்து நிற்பதோடு தொடங்குகிறது.

2012-இல் வந்த ‘ஸ்கைஃபால்’ அவன் பிறந்த வீட்டுக்கே நம்மை அழைத்துச் செல்லுகிறது. ஸ்காட்லாந்தின் பாழ்வெளியில் நிற்கும் அப்பழைய மாளிகையில் ஒரு மறைவிடம் இருக்கிறது. கத்தோலிக்கத் திருமறை அந்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் குருக்களை ஒளித்துவைக்கக் கட்டிய பொந்து அது. தாயும் தந்தையும் இறந்த செய்தியைச் சிறுவன் பாண்டிடம் சொன்னவர் அந்த வீட்டுப் பழைய காவலர். கேட்ட சிறுவன் இரண்டு நாள் அப்பொந்துக்குள் ஒளிந்திருந்தானாம். வெளியே வந்தபோது அவன் சிறுவனாக இல்லை என்கிறார் அக்காவலர். செய்தி சுமந்துவந்த ஒருவரை அவ்வரிசையின் இருபத்து மூன்றாவது படத்தில் முதன்முதலாகக் கண்டதாகப் பாட்டனார் சொன்னார். வத்திக்கானின் நாளேடான ‘லொசர்வாத்தோரே ரொமானோ’வும் அவ்வாண்டு இப்படத்தைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டு, இந்தப் பாண்ட் முன்னையவரினும் மனிதத் தன்மை மிக்கவன், கண்ணீர் விடத் தெரிந்தவன் எனப் பாராட்டியது.

2021-இல் வந்த இருபத்தைந்தாம் படத்தில் பாண்டே மாண்டுபோகிறான். அவனுக்கொரு சிறு மகள் இருப்பதும் அப்படத்தில்தான் தெரியவருகிறது. படத்தின் கடைசிக் காட்சியில் தாய் காரை ஓட்டிக்கொண்டே மகளிடம் அவனைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறாள். எட்டு வயதுச் சிறுமி கேட்ட கேள்விக்கு விடை சொல்ல அவ்வரிசைக்கு ஐம்பத்தொன்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. தமிழிலும் இவ்வாறே. 1986-இன் ‘விக்ரம்’ தன் மனைவியை இழந்தான். 2022-இல் அவன் முதியவனாய்த் திரும்பி வந்தபோது, கொல்லப்பட்ட மகனுக்காகத் துயருற்றுப் பேரக்குழந்தையைத் தோளில் சுமந்து நின்றான்.

அப்பாட்டனார் அடுத்த வாரம் நம்மிடம் வந்து, தம் தோழனுக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டார். “அவன் நம்ம வேதம் இல்லை, சாமி, பரவாயில்லையா?” என்று தயங்கினார். இறைவனின் இரக்கத்துக்கு நாம் எல்லை வகுப்பதில்லை என்று கூறி ஒப்புக்கொடுத்தோம். அதன்பின் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போளூர்ப் பக்கத்துச் சிற்றூருக்குப் பேருந்தேறிச் சென்று வந்தார். அத்தாய் மறைந்து பல்லாண்டாகிவிட்டது. தம்பி இருக்கிறார். சுவரில் சீருடையணிந்த படம் மாட்டியிருக்கிறது. டிரங்குப் பெட்டியில் இப்போது நெல்விதை வைத்திருக்கிறார்களாம். “இத்தனை நாள் கழிச்சு எங்க அண்ணனைப் பத்திப் பேச ஒருத்தர் வந்தீங்களே” என்று கூறி, உண்ணாமல் அனுப்ப மறுத்துவிட்டார்களாம்.

முறையிட்ட தாய்மார்களுக்கு இனி நாம் சொல்லக்கூடியது இதுவே. உங்கள் கணவரையும் பிள்ளைகளையும் மாடியினின்று கீழே இழுத்துவிடாதீர்கள். நீங்களும் மேலே ஏறிச் செல்லுங்கள். உங்களுள் ஒருவரே நம்மிடம் வேறொன்றையும் ஒத்துக்கொண்டார். படிப்பைப் பாதியில் விட்ட மகனோடு அவர் கணவர் இரண்டு ஆண்டுகள் முகங்கொடுத்துப் பேசியதில்லை. இப்போது கானரியா மூரா என்று இருவரும் சண்டையிடுகிறார்கள். சண்டை முடிந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு படம் இவ்வளவு செய்யுமாயின் அதை முற்றும் பகைக்க வேண்டியதில்லை.

ஆயினும் மூன்று ஒழுங்குகளை நாம் வேண்டுகிறோம். முதலாவது, பிள்ளைகள் தனியே கைப்பேசியில் பார்க்க வேண்டாம். பெரியவர்களோடு அமர்ந்து, அவர்தம் வயதுக்குத் தக்கதை மட்டும் பார்க்கட்டும். இரண்டாவது, படம் பார்த்த நேரத்தில் பாதியாவது அதைப் பற்றிப் பேசுங்கள். பேச்சில் பிள்ளைகளின் கேள்விக்கு முதலிடம் தாருங்கள். மூன்றாவது, கதையில் ஒருவன் மாளும்போது, அவன் நல்லவனோ கெட்டவனோ, அவன் வீட்டுக்குச் சொன்னது யார் என்று ஒருமுறை கேளுங்கள். விடை படத்தில் இல்லாவிட்டால் உங்கள் வீட்டுச் செபத்தில் அதை நிரப்புங்கள்.

கடைசியாக ஒன்று. முப்பதாம் நாள் பூசைவரை நாம் துக்க வீட்டுக்குச் செல்லுகிறோம். அதன்பின் அவ்வீட்டை மறந்துவிடுகிறோம். நம் பங்கிலேயே வெளிநாட்டில் மகனை இழந்த வீடுகள் இருக்கின்றன. சாலை விபத்தில் கணவனை இழந்த வீடுகள் இருக்கின்றன. அவ்வீடுகளில் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச ஆள் வராதா என்று காத்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். மாடிக் கூட்டத்தார் மாதத்தில் ஒரு ஞாயிறு படத்தை நிறுத்திவிட்டு அத்தகைய ஒரு வீட்டுக்குச் சென்று வருவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் அவ்வாறு ஒரு வீட்டுக்கேனும் சென்று, ஒரு குவளைத் தேநீர் அருந்தி, இறந்தவரைப் பற்றிச் சற்று நேரம் பேசிவிட்டு வருமாறு உங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நயீன் ஊர்த் தாயைக் கண்டு இரங்கிய நம் ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.